மத்தளத்துக்கு ஒரு துணை

இன்று பின்னேரம் கல்லடியில் தம்பி டிரம் சாம்ப்ளரைத் தட்டினான், பதிவு செய்த சத்தங்களைப் பேடில் தட்டி ஒலிக்கவைக்கும் கருவி அது. முதல் பேடில் வடமோடிக் கூத்து மத்தளம், எங்கள் கூத்து ஆசான் அண்ணாவியார் அடித்தது. அடுத்ததில் சல்லரி, கூத்துக்குத் தட்டும் கைத்தாளம்.

"அண்ணன், இதோட சேர எந்த சிந்தசைசர் எடுப்பம்?"

பேஸுக்கென்றே ஒன்று எடுத்தால் மத்தளத்தின் தொப்பியோடு, அதாவது தாழ்ந்த சத்தம் தரும் பக்கத்தோடு, முட்டும். அந்தக் கும்மென்ற சத்தம் எனக்கு உயிர், அதை மூட விடமாட்டேன்.

கோர்க் மினிலாக் என்றேன். 2016இல் வந்த அனலாக் கருவி, ஒரே நேரத்தில் 4 சுரம் பாடும். சாம்ப்ளரில் அடி நிறைய இருக்கிறது. நீண்டு நிற்கும் சுரம்தான் இல்லை. மினிலாக்கில் சுரத்தைப் பிடித்துக்கொண்டு, சத்தத்தின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டரை மெல்லத் திறந்தால் அது வந்துவிடும்.

கருவிகளை ஒரே வேகத்தில் ஓட்டும் மிடி கிளாக் ஒரு குவாட்டர் நோட்டுக்கு (கால் சுர அளவுக்கு) 24 துடிப்பு அனுப்பும், சாம்ப்ளரும் மினிலாக்கும் சேர்ந்தே ஓடும். சரி.

ஆனால் தாளம் தீர்க்கும்போது, அதாவது அடியை முடித்துவைக்கும்போது, அண்ணாவியார் வேகம் கூட்டுவாரே, அங்கே மட்டும் கையால் வாசிப்போம்.