துணிக்கு அடியில் இருக்கிற வேலை

கோலால் பந்தை அடித்து ஆடும் பூல் டேபிளுக்குத் துணி மாற்றக் கூலி கேட்டவர்கள், தொகை காதில் விழுந்ததும் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "துணியை இழுத்துப் பிடிச்சு ஸ்டேப்பிள் அடிக்கிறதுக்கா இவ்வளவு?" கேட்பதில் தப்பில்லை. சோபாவுக்கு உறை மாற்றுகிறவர் செய்வதும் பார்வைக்கு இதேதான். ஆனால் பழைய துணியை உரித்துவிட்டு, புதுத் துணியைப் போடுவதற்கு முன் அடியில் இருக்கும் ஸ்லேட் கல்பலகை வெறுமையாகத் தெரியும் ஒரு மணி நேரம் இருக்கிறதே, கூலியின் பெரும்பங்கு அதற்குத்தான். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன பார்ப்பது, பார்த்ததை எப்படிச் சரிசெய்வது என்று தெரிந்தவர் தாராளமாகத் தானே செய்துகொள்ளலாம்.

முதலில் எந்த மேசை என்று பார்க்க வேண்டும். நாணயம் போட்டு ஆடும் 7 அடி மேசைகளில் ஸ்லேட் ஒரே பலகை. மூட்டு கிடையாது. முதல்முறை கை வைக்கிறவருக்கு ஏற்றது அதுதான். வீடுகளிலும் கிளப்புகளிலும் இருக்கும் 8 அடி, 9 அடி மேசைகளில் பெரும்பாலும் மூன்று பலகைகள். 8 அடி மேசையின் ஆடுகளம் 88 அங்குலத்துக்கு 44 அங்குலம். 9 அடி மேசையில் 100-க்கு 50. ஒரு அங்குலக் கனமுள்ள ஸ்லேட் என்றால் ஒவ்வொரு பலகையும் ஓர் ஆள் எடை இருக்கும். ஸ்லேட்டே இல்லாமல் அழுத்திய மரத்தூள் பலகையில் செய்த மேசையும் உண்டு. அது நடுவில் தொய்ந்துவிட்டால் எந்தத் துணியும் காப்பாற்றாது. அதற்கு விலை உயர்ந்த துணி வாங்குவது வீண்செலவு.

பிரிப்பது சுலபம், அவசரப்படாமல் இருந்தால். மேசை ஓரத்தில் பந்து மோதித் திரும்பும் ஆறு குஷன் ரெயில்கள், ரெயிலுக்கு வழக்கமாக மூன்று போல்ட், ஆக 18. மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து சாக்கெட் ஸ்பேனரால் கழற்ற வேண்டும். முதலில் பாக்கெட்டுகளின் திருகாணியைக் கழற்றிவிட்டுத்தான் ரெயிலைத் தூக்க வேண்டும். இல்லையென்றால் பாக்கெட்டின் தோல் கிழியும். ஒவ்வொரு ரெயிலின் அடியிலும் எண் எழுதிய டேப் ஒட்டி, போனில் படமும் எடுத்துக்கொள்வது நல்லது. ஆறும் ஒன்றுபோலத் தெரியும். திரும்ப மாட்டும்போது ஓட்டை சேராது. பழைய ஸ்டேப்பிளை ஒன்றுவிடாமல் பிடுங்க வேண்டும். பாதி உடைந்து நிற்கும் கம்பி, புதுத் துணியை இழுக்கும்போது பிளேடு மாதிரி கீறிவிடும். ஒட்டிய துணியாக இருந்தால் அகலமான பிளேடு சுரண்டியால் பசையை எடுத்து, மிச்சத்தைத் தின்னர் நனைத்த துணியால், ஜன்னலைத் திறந்து வைத்துத் துடைக்கலாம். ஸ்லேட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. ஆலையில் மட்டமாக அறுத்த பரப்பில் கையால் ஒரு பள்ளம் போடுவதற்குச் சமம் அது.

இனி அந்த ஒரு மணி நேரம்.

மூன்று பலகைகள் சேரும் இரண்டு மூட்டுகளின் மேல் கண்ணை மூடிக்கொண்டு நகத்தை ஓட்ட வேண்டும். நகம் தட்டினால் படி இருக்கிறது என்று அர்த்தம். மூட்டுகள் ஒரே தளத்தில் 0.005 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக பூல் சங்கத்தின் அளவு விதி. கிட்டத்தட்ட ஒரு தாள் கனம். புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். மூட்டில் படியைப் பார்த்ததும் பட்டி வைத்துச் சரிவாகத் தடவிவிடுகிறார்கள். பட்டி இடைவெளியைத்தான் நிரப்பும்; படியை எடுக்காது. படி இருந்தால் அந்தப் பலகையின் திருகாணிகளைச் சற்றுத் தளர்த்தி, மூட்டுக்குப் பக்கத்தில் ஸ்லேட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே மெல்லிய ஆப்பைச் செருகித் தட்டி, மறுபடி முடுக்கி, மறுபடி நகம் ஓட்ட வேண்டும். நான்கு தடவையும் ஆகலாம், பத்துத் தடவையும் ஆகலாம். சீட்டுக்கட்டு அட்டை இதற்கு அருமையான ஆப்பு. எல்லா அட்டையும் ஒரே கனம், ஒன்று ஒன்றாகச் சேர்க்கலாம்.

படி போன பிறகுதான் இடைவெளி. தேன்மெழுகை உருக்கி ஊற்றி, ஆறி இறுகும் பதத்தில் பிளேடால் மட்டமாகச் சீவுவது பழைய முறை. கார் டிங்கரிங் கடைப் பட்டியைக் குழைத்துத் தேய்ப்பது இன்னொன்று. சில நிமிடங்களில் கல்லாகிவிடும். இரண்டிலும் சங்கடம் உண்டு. தேன்மெழுகு 35 டிகிரி வாக்கிலேயே இளகத் தொடங்கும். ஏசி இல்லாத மாடி அறையில் சித்திரை மாதம் அது சும்மா இருக்காது. பட்டி அசையாது; ஆனால் மேசையை இடம் மாற்றப் பலகைகளைப் பிரித்தால் ஓரம் பெயர்ந்து வரும். வீடு மாறப்போகிறவருக்கு மெழுகு, அனல் அடிக்கும் கூடத்துக்குப் பட்டி என்பதே எங்கள் கணக்கு.

மட்டம் பார்க்கக் கொத்தனாரின் ரசமட்டம் போதாது. அது சுவருக்குச் சரி. இங்கே தேவைப்படுவது லேத் பட்டறைகளில் வைத்திருக்கும் நுண்மட்டம். ஒரு கோடு நகர்ந்தால் அடிக்கு 0.005 அங்குலச் சாய்வு என்று காட்டும். மேற்சொன்ன விதிகளில் நீளவாக்கில் 0.020 அங்குலம், குறுக்கே 0.010 அங்குலம் வரைதான் விலக்கு. பழைய துணியின் மேல் பந்தை உருட்டி "மட்டமாத்தான் இருக்கு" என்று முடிவு செய்பவர்கள் உண்டு. தேய்ந்த துணியில் பந்துகள் ஓடி ஓடித் தடம் விழுந்திருக்கும். பந்து அந்தத் தடத்தில் ஓடும், சரிவைக் காட்டாது. தடமில்லாத புதுத் துணியில் மெதுவாக விட்ட பந்து கடைசி ஓரடியில் வளைந்து திரும்பும்போதுதான் விஷயம் புரியும். அதற்குள் 18 போல்ட்டும் ஏறியிருக்கும்.

குஷன் வேலைக்கு வருவோம். ரெயிலின் மேல்முகத்தில் ஒரு பள்ளக்கோடு ஓடும். அதில் துணியின் ஓரத்தை வைத்து மெல்லிய மரச்சட்டத்தை அடித்து இறக்க வேண்டும். துணியின் நல்ல முகம் கீழ்ப்பார்த்து, பந்து வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் விழுந்து கிடக்கும். சட்டம் இறங்கிய பின், பந்து மோதும் ரப்பர் முனையான மூக்கைத் தாண்டித் துணியைப் புரட்டி, அடியில் இழுத்து ஸ்டேப்பிள் அடிப்பது. சட்டத்தை நேராகச் சுத்தியலால் அடித்தால் நொறுங்கும். சின்ன மரக்கட்டையை வைத்து அதன் மேல் தட்ட வேண்டும். நடுவில் ஆரம்பித்து, இரண்டு முனையிலும் இரண்டு அங்குலம் விட்டுவிட்டு, முனைத் துணியை இழுத்துச் சரிசெய்த பிறகே மிச்சத்தை இறக்க வேண்டும். சட்டம் மர மட்டத்துக்கு மேலே துருத்தினால் மேடு தெரியும், ரொம்ப இறங்கினால் வாய்க்கால் தெரியும்.

அடியில் இழுக்கும்போது எல்லா இடத்திலும் ஒரே இழுவை வேண்டும். ஓரிடத்தில் கூடினால் ரப்பர் மூக்கு அங்கே அமுங்கி, நேர்கோடு அலையாகும். கொஞ்சமாகத் தளர்ந்தால் பந்து படும்போது தொளதொளவென்று சத்தம் வரும், திரும்பும் வேகமும் குறையும். ஸ்டேப்பிள் அங்குலத்துக்கு ஒன்று. பாக்கெட் முனையில் மடிப்பு ஒன்றே இருக்க வேண்டும், அதுவும் அடிப்பக்கம் ஒதுங்கியிருக்க வேண்டும். ஆறு பட்டைகளையும் துணியின் ஒரே திசையில் வெட்டுவது முக்கியம். பாவு நூல் ரெயிலின் நீளவாக்கில் போகட்டும். துணி மிச்சம் பிடிக்க ஒன்றை மட்டும் குறுக்கே வெட்டினால், விளக்கு போட்டதும் அந்த ரெயில் மட்டும் வேறு நிறமாகத் தெரியும்.

பழைய துணியை எடுத்ததும் ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தாலோ, வெடிப்பு தெரிந்தாலோ, துணி வேலை அங்கே நிற்கிறது. ரப்பர் மாற்றுவது வேறு தொழில்: வடிவம் மேசைக்கு மேசை மாறும், மூக்கின் உயரம் பந்து விட்டத்தில் 62.5 முதல் 64.5 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். 57.15 மி.மீ. பந்துக்கு அது ஏறக்குறைய 36 மி.மீ. இரண்டு மி.மீ. இறங்கினால் வேகமாக வரும் பந்து துள்ளி வெளியே குதிக்கும். நல்ல ரப்பர் என்றால் 9 அடி மேசையில் பலமாக அடித்த பந்து மேசை நீளத்தைப் போல நான்கு, நாலரை மடங்கு ஓடும்.

மேல்துணி போடுவதைத்தான் எல்லோரும் முழு வேலை என்று நினைக்கிறார்கள். ஸ்லேட்டின் அளவை எடுத்து, ஒவ்வொரு பக்கமும் நான்கு அங்குலமாவது கூடுதலாக இருக்கிறதா என்று வெட்டுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். ஒரு குட்டைப் பக்கத்தில் நடுவிலிருந்து மூலைகளுக்கு ஸ்டேப்பிள்; பிறகு எதிர்ப்பக்கம் போய் நடுவைப் பிடித்து நன்றாக இழுத்து ஒன்று, அதன் இருபுறம், பிறகு மூலை. நெட்டைப் பக்கத்தில் ஒன்றைச் சுருக்கமில்லாமல் பதித்துவிட்டு, மற்றதில்தான் பலத்தைக் காட்ட வேண்டும். இரண்டு பேர் இருந்தால் பாதி தலைவலி குறையும். பாக்கெட் இடத்தில் மூன்று கீறல் போட்டு, நாக்குகளைக் கீழே மடக்கி இழுக்க வேண்டும். கீறல் ஸ்லேட் விளிம்புக்கு அரை அங்குலம் முன்பே நிற்க வேண்டும். எல்லாம் சரியாக வந்து, கடைசிப் பாக்கெட்டில் கத்தரிக்கோல் ஒரு நூல் அதிகம் போய் முழுத் துணியும் பாழாவதுண்டு.

இழுவை போதுமா என்று அறிய, நடுவில் இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். பூல் மேசைக்கான வொர்ஸ்டெட் கம்பளித் துணி பிடி கொடுக்கவே கூடாது. கிள்ளினால் கூடாரமாக எழும்பினால், பின்சுழி கொடுத்து அடிக்கும் ஒவ்வொரு அடியிலும் பந்துக்கு முன்னால் சின்ன அலை ஓடும். வெள்ளைத் தடங்களும் சீக்கிரம் விழும். ஸ்லேட்டின் ஓரத்தில் ஒட்டிய, ஸ்டேப்பிள் இறங்கும் மரப்பலகை ஈரம் குடித்து உப்பியிருந்தால் ஸ்டேப்பிள் பிடிக்காது. இழுக்க இழுக்கக் கழன்று வரும். அப்போது ஸ்ப்ரே பசைதான் வழி. ஸ்லேட் ஓரத்திலும் துணியிலும் அடித்து, கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து ஒட்ட வேண்டும். மேல்பரப்பைத் தாள் போட்டு மூடாமல் அடித்தால், தூவிய பசை துணிக்கடியில் மணல் போல நிற்கும்.

கம்பளி ஈரத்தை உறிஞ்சித் தளரும் என்பதைக் கடலோர ஊர்க்காரர்கள் மறக்கக் கூடாது. ஐப்பசி மழையில் ஜன்னலைத் திறந்து போட்டு இழுத்த துணியும், ஏசி ஓடும் அறையில் இழுத்த துணியும் ஒரே மாதிரி நிற்காது. துணியைப் பிரித்து ஒரு நாள் அதே அறையில் கிடத்திவிட்டு, அறை வழக்கமாக இருக்கும் நிலையிலேயே இழுப்பது நல்லது.

துணியில் இரண்டு சாதி. பெல்ஜியத்தின் சைமோனிஸ் 860 போன்ற வொர்ஸ்டெட், மயிர் நீக்கி இறுக்கி நெய்தது. பூல் மேசைக்கு அது. இங்கிலாந்தின் ஸ்ட்ராச்சன் 6811 போன்ற ஸ்நூக்கர் துணியில் மென்மயிர் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். அது ஆட்டம் தொடங்கும் முனையில் உள்ள பாக் கோட்டிலிருந்து எதிரே கறுப்புப் பந்து முனையை நோக்கிப் படுக்க வேண்டும். பிரஷ் போடுவதும் இஸ்திரி போடுவதும் அதே திசையில்தான். திருப்பிப் போட்டால் மெதுவான பந்தெல்லாம் தடம் மாறும். 1875-இல் ஜபல்பூரில் பிறந்து, 1882-இல் ஊட்டி கிளப்பில் விதிகளாக வடிவம் பெற்ற ஆட்டம் ஸ்நூக்கர் என்பதால், நம் பக்கத்து முதிய தொழிலாளிகளின் கை அந்தத் துணியிலேயே பழகியது. அதே கைப்பக்குவத்தில் வொர்ஸ்டெட்டை இழுத்தால் தளர்வாகவே நிற்கும். முழு அளவு ஸ்நூக்கர் மேசையை யாரும் தானே தொட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஐந்து பலகை, நான்கு மூட்டு, மொத்த எடை ஒரு டன்னுக்கு மேல்.

ஆள் கூப்பிடுகிறவர்கள் கூலியைவிட முதலில் கவனிக்க வேண்டியது, அந்தத் தொழிலாளி கேட்கும் கேள்விகளைத்தான். ஸ்லேட் எத்தனை பலகை, எவ்வளவு கனம், ஸ்டேப்பிளா பசையா, ரப்பர் எப்படி இருக்கிறது என்று கேட்காமல் போனிலேயே தொகை சொல்பவர் துணியை மட்டும் மாற்றுவார். நுண்மட்டம் இல்லாமல் வருபவரும் அப்படியே. குஷனில் பழைய துணியின் மேலேயே புதுத் துணியை ஏற்றுபவரை அந்த நிமிடமே நிறுத்திவிடலாம். தேர்ந்த கை மூன்று பலகை மேசையை நான்கைந்து மணி நேரத்தில் முடிக்கும். முதல்முறை செய்பவருக்கு சனி, ஞாயிறு முழுசாக வேண்டும். நடுவழியும் இருக்கிறது: பிரிப்பது, ஸ்டேப்பிள் பிடுங்குவது, பசை சுரண்டுவது எல்லாவற்றையும் நீங்களே முடித்து, மூட்டும் மட்டமும் இழுவையும் அவரிடம் விடுவது. நல்ல தொழிலாளிகள் பலர் இதற்குச் சம்மதித்துக் கூலியைக் குறைப்பார்கள், முதலிலேயே பேசிக்கொண்டால்.

மிஞ்சும் துணியில் ரெயில் நீளத்துக்கு ஒரு பட்டை தேறினால் சுருட்டி, வெளிச்சம் படாமல் எடுத்து வையுங்கள். ஏதாவது ஒரு குஷன் கிழிந்தால், அதே சாயத்தில் துணி பிறகு கிடைக்காது.