திசையன்விளை ரயிலும் பி.பி.பி. கணக்கும்

திசையன்விளைக்கு ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்று சொன்னால் இப்போதைய பிள்ளைகள் சிரிப்பார்கள். நிஜமாகவே ஓடியது. குலசேகரன்பட்டினத்தில் கருப்பட்டியிலிருந்து சர்க்கரை எடுக்க பாரி கம்பெனி ஒரு ஆலை வைத்திருந்தது. அந்த ஆலையை நம்பிப் போட்ட குட்டி ரயில் அது, திருச்செந்தூர், உடன்குடி என்று ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போனது. ஆலை நின்றது, கொஞ்ச காலம் இழுத்துப் பார்த்தார்கள், 1940-ல் ரயிலும் நின்றது. ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பிய பாதை, அந்த வாடிக்கையாளர் போனதும் போய்விட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ரயில், சாலைத் திட்டங்களுக்குச் சாத்தியக்கூறு அறிக்கை எழுதுவதுதான் என் பிழைப்பு. ஊருக்கு வரும்போதெல்லாம் பாளையங்கோட்டையில் யாராவது ஒரு அண்ணாச்சி பிடித்துக்கொள்வார். "ஏ தம்பி, இதெல்லாம் தனியார்ட்ட குடுத்தா டக்குன்னு முடிச்சிருவாம்லா? கவர்மெண்டு எதுக்குப் போட்டு இழுத்துக்கிட்டு கெடக்கு?" கேள்வி நியாயமானதுதான். பதிலைத்தான் டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடியாது.

முதலில் ஒன்று. தனியார் ரயில் நமக்குப் புதுசு இல்லை. 1876-ல் நெல்லைக்கு வந்ததே சவுத் இந்தியன் ரயில்வே என்கிற கம்பெனி ரயில்தான். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட கம்பெனிகளுக்கு நிலம் இலவசம், அதோடு போட்ட முதலுக்கு 5 சதவீத வட்டி நிச்சயம் என்று அரசு உத்தரவாதம். ரயில் நஷ்டத்தில் ஓடினாலும் லண்டனில் பங்கு வாங்கியவருக்கு வட்டி போய்ச் சேர்ந்துவிடும், துண்டு விழுந்ததை நம் ஊர் வரிப்பணம் கட்டும். அப்படி இருக்கையில் சிக்கனமாகக் கட்ட எவனுக்குத் தோன்றும்? லாபம் உனக்கு, நஷ்டம் எனக்கு என்று எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் அது.

இப்போதைய பி.பி.பி., அதாவது அரசும் தனியாரும் ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்து செய்யும் முறை, இதைத் திருப்பிப் போட்டது. கூட்டம் வராவிட்டால் நஷ்டம் தனியாருக்கு என்று எழுதினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எத்தனை பேர் ஏறுவார்கள் என்பதைச் சரியாகச் சொல்ல உலகத்தில் ஆளே கிடையாது. டென்மார்க் பேராசிரியர் பென்ட் ஃபிளைவ்பியர்க்கும் அவர் கூட்டாளிகளும் 2005-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 27 ரயில் திட்டங்களை எடுத்துப் பார்த்ததில், பத்துக்கு ஒன்பதில் பயணிகள் கணக்கு மிகையாகத்தான் இருந்தது, சராசரியாக 106 சதவீதம் மிகை. அதாவது பாதிப் பேர்கூட வரவில்லை. அறிக்கை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. திட்டம் வர வேண்டும் என்று நினைப்பவர்தான் அறிக்கைக்குக் காசு கொடுக்கிறார். "வளர்ச்சி விகிதத்தைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்க சார்" என்று போன் வரும். 5 என்று இருந்தது 7 ஆகும், முப்பது வருஷக் கணக்கில் அந்த இரண்டு எங்கே கொண்டுபோய் விடும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஹைதராபாத் மெட்ரோவை எடுத்துக்கொள்வோம். 2008-ல் மைத்தாஸ் கம்பெனி, மானியமே வேண்டாம், 30,000 கோடிக்கு மேல் நானே அரசுக்குத் தருகிறேன் என்று டெண்டர் போட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். அடுத்த வருஷம் அதனால் கடன் திரட்ட முடியவில்லை, ஒப்பந்தம் ரத்து. 2010-ல் எல் அண்ட் டி, 1,458 கோடி மானியம் கேட்டு எடுத்தது. 2017-ல் ரயில் ஓடியது, கூட்டமும் வந்தது, கடன் கணக்கை நேர் செய்யும் அளவுக்கு வரவில்லை. நடுவில் கொரோனா வேறு. 2025-ல் கம்பெனி விலகிக்கொள்வது, மாநில அரசே எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. எல் அண்ட் டிக்குக் கட்டத் தெரியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். டிக்கெட் கணக்கு கட்டடக் கம்பெனியின் கையில் இல்லாத விஷயம், அதைத் தூக்கி அதன் தலையில் வைத்ததுதான் சிக்கல்.

டெல்லி ஏர்போர்ட் மெட்ரோ கதை வேறு மாதிரி. அங்கே பாலமும் சுரங்கமும் அரசின் டெல்லி மெட்ரோ நிறுவனம் கட்டியது. தண்டவாளம், மின்சாரம், ரயில் எல்லாம் ரிலையன்ஸ் குழுமக் கம்பெனி. 2011-ல் திறந்து 2012 ஜூலையில் பாலத்தின் பேரிங்குகளில், அதாவது தூணுக்கும் பாலத்துக்கும் நடுவில் பாரம் தாங்கும் துண்டுகளில், கோளாறு என்று நிறுத்திவிட்டார்கள். கல்யாண வீட்டில் அரிசி வாங்கியது பெண் வீடு, சமையல்காரனைப் பிடித்தது மாப்பிள்ளை வீடு, சோறு குழைந்துவிட்டது, யாரைப் பிடிப்பது? கம்பெனி 2013-ல் வெளியேறியது. 2017-ல் நடுவர் தீர்ப்பு கம்பெனி பக்கம், 2021-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, 2024-ல் அதே நீதிமன்றம் சீராய்வுக்கும் அடுத்த மனுவில் அதை ரத்து செய்தது. பேரிங் யார் பொறுப்பு என்று ஆரம்பத்திலேயே நாலு பக்கம் தெளிவாக எழுதியிருந்தால் இத்தனை வருஷ வக்கீல் ஃபீஸ் மிச்சம்.

சரி, நம்ம ஊர் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது தண்ணீர். 2023 டிசம்பர் 17, 18 மழையை நெல்லை, தூத்துக்குடிக்காரர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது, நூற்றுக்கணக்கான பேர் உள்ளே. அங்கிருந்து செய்துங்கநல்லூர் வரைக்கும் பல இடங்களில் ஜல்லியும் மண்ணும் அடித்துப் போய், தண்டவாளம் மட்டும் அந்தரத்தில் தொங்கியது. சில வாரங்கள் அந்தப் பாதையில் வண்டி இல்லை. ரயில்வே தன் காசில் சரி செய்தது. அதே பாதை ஒரு தனியாரின் 30 வருஷ ஒப்பந்தத்தில் இருந்திருந்தால்? 'இயற்கைச் சீற்றம்' என்ற பிரிவை இரண்டு பக்க வக்கீல்களும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் இது இயற்கைச் சீற்றம் மட்டும்தானா என்பதும் கேள்வி. தாமிரபரணிப் பாசனத்தில் குளத்துக்குக் குளம் தொடர்பு உண்டு, ஒன்று நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போகும். ரயில் மேடு அதற்குக் குறுக்கே போகிறது. ஒருமுறை ஒரு பாதைக்கு ஆரம்ப சர்வே நடந்தபோது, வயற்காட்டில் நின்று வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். குளத்துக்கு மடை திறந்துவிடுகிற பெரியவர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். "தண்ணி இங்குன கூடித்தான் வரும். நீங்க பாலம் குறிச்சிருக்கது அங்குனல்லா? ஏ தம்பி, வரப்பப் பாரு, இந்தச் சேறு எப்படிக்கூடி ஒதுங்கியிருக்கு." பார்த்தோம். வரப்பின் ஒரு பக்கம் மட்டும் சேறு படிந்து, அருகம்புல் எல்லாம் கிழக்கே சாய்ந்து கிடந்தது. சாட்டிலைட் படத்தில் அந்த வழி தெரியவே இல்லை. இந்த மாதிரி ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு பாதை நெடுக நடக்க ஆகும் செலவு, மொத்தத் திட்டத்தில் கடுகளவு. அதைத்தான் டெண்டர் அவசரத்தில் முதலில் வெட்டுவார்கள்.

நிலம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2013 நில எடுப்புச் சட்டப்படி பி.பி.பி. திட்டம் என்றால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 70 சதவீதத்தின் சம்மதம் வேண்டும். ரயில்வே சட்டத்தின் கீழ் எடுத்தால் அந்தச் சம்மதப் பேச்சு கிடையாது, நஷ்டஈடு மட்டும் அதே அளவு. எந்தச் சட்டத்தின் கீழ் எடுக்கப்போகிறோம் என்பதை முதல் நாளே முடிவு செய்யாமல் தடுமாறிய கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். பட்டா தாத்தா பெயரில், அனுபவிப்பது பேரன்மார் ஏழு பேர், அதில் இரண்டு பேர் துபாய், ஒருவர் பம்பாய். எந்த நிபுணர் வந்தாலும் இதற்கு அவகாசம் வேண்டும்.

வாஞ்சி மணியாச்சி - நாகர்கோவில் இரட்டைப் பாதை 2024 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. முழுக்க அரசுப் பணம். இழுத்தடித்தது உண்மைதான், ஆனாலும் இதை எந்தத் தனியாரும் எடுத்திருக்கமாட்டார். 2020-ல் 109 வழித்தடங்களில் தனியார் ரயில், 30,000 கோடி முதலீடு என்று அறிவித்தார்கள், டெண்டர் திறந்தபோது வந்திருந்தது இரண்டே பேர், அதில் ஒன்று ரயில்வேயின் சொந்த ஐ.ஆர்.சி.டி.சி. தடமும் சிக்னலும் ரயில்வே கையில், தடத்துக்கு வாடகை வாங்குவதும் அவர்களே, போட்டிக்கு வண்டி ஓட்டுவதும் அவர்களே. யார் துணிந்து பணம் போடுவார்?

தனியார் ஒத்துவரும் இடம் சரக்கு. குஜராத்தில் பிபாவாவ் துறைமுகமும் ரயில்வேயும் பாதிப்பாதி பங்கு போட்டுக் கம்பெனி தொடங்கி, 270 கி.மீ. போல மீட்டர்கேஜை அகலப்பாதையாக்கினார்கள். துறைமுகமே பங்குதாரர் என்பதால் சரக்கு வராவிட்டால் அதற்கும் வலிக்கும்.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்கு ஒரு புதுப்பாதை பல வருஷமாகப் பேச்சில் இருக்கிறது. மீளவிட்டானிலிருந்து மேல்மருதூர் வரை 18 கி.மீ. முடித்தார்கள். மிச்சத்துக்கு யாராவது பி.பி.பி. என்று அறிக்கை எழுதச் சொன்னால், ஸ்டேஷன் படம் வரைவதற்கு முன்னால் தூத்துக்குடிக்குப் போய், வருஷத்துக்கு இத்தனை டன் இந்த வழியில் அனுப்புகிறேன், அனுப்பாவிட்டால் இவ்வளவு கட்டுகிறேன் என்று கையெழுத்துப் போட எந்தச் சரக்குக்காரர் தயார் என்று கேட்பேன். ஒருவர் போதாது, நாலைந்து பேராவது வேண்டும், குலசேகரன்பட்டினத்தில் பார்த்தோமே. அப்படி யாரும் கிடைக்காவிட்டால் பட்ஜெட் பணத்திலேயே போடட்டும், விளாத்திகுளத்துக்காரர்களுக்கும் ரயில் வேண்டும்தானே.