ஜூலை நாட்குறிப்பு: கேப்டன் லட்சுமி

ஜூலை 9

காலண்டரில் தேதியைக் கிழிக்கும்போதே நினைவு வந்துவிட்டது. 1943-ல் இதே நாளில்தான் சிங்கப்பூர் பாடாங் மைதானத்தில் நேதாஜி இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென்று ஒரு படை வேண்டும் என்று கேட்டார். ஜான்சி ராணிப் படை என்று பெயர் பெற்ற அந்தப் படைக்குத் தலைமை ஏற்றவர் நம் மெட்ராஸ்காரர், டாக்டர் லட்சுமி. அப்போது வயது 28. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் 1938-ல் டாக்டர் பட்டம், அப்புறம் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் வேலை, 1940-ல் சிங்கப்பூர். அங்கே பிழைக்கப் போன ஏழைத் தொழிலாளிகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிறந்ததும் கோஷாவில்தான். அதனாலோ என்னவோ, இவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் வீட்டுப் பெரியவரைப் பற்றிப் படிப்பது போலவே இருக்கிறது.

ஜூலை 12

மூன்றே நாள். அதற்குள் 20 பெண்களைத் திரட்டி, நேதாஜிக்கு ராணுவ மரியாதை செலுத்த வைத்துவிட்டார். சீருடை கிடையாது, புடவைதான். கையில் லீ என்ஃபீல்டு துப்பாக்கி. அது ஏறத்தாழ 4 கிலோ. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அதைத் தூக்கிப் பிடிக்க எத்தனை தடவை பழகியிருப்பார்கள்! அந்த வருஷம் அக்டோபரில் வாட்டர்லூ தெருவில் பயிற்சி முகாம் தொடங்கியது. ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது இந்த ஜூலை 12-தான்.

ஜூலை 16

ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். அதிலும் பலர் மலாயா தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டிய குடும்பங்கள். இந்தியாவைக் கண்ணால் பார்த்திராதவர்களும் அதில் உண்டு. பார்க்காத ஊரின் விடுதலைக்காகத் துப்பாக்கி தூக்கியிருக்கிறார்கள். படையில் சேர அப்பாவோ கணவரோ சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். கோலாலம்பூர் ஜானகி தேவர் வசதியான வீட்டுப் பெண், பதின்பருவம் தாண்டவில்லை. நகைகளைக் கழற்றி நேதாஜியிடம் கொடுத்தார், அப்பாவைச் சம்மதிக்க வைத்துப் படையிலும் சேர்ந்தார். ஜானகியின் பெயராவது நமக்குக் கிடைத்தது. தோட்டத்துப் பெண்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? இது எனக்கு ஆறவே இல்லை.

ஜூலை 19

இந்தப் படை முன்னணியில் நின்று சண்டை போடவில்லை, அதனால் வெறும் காட்சிக்கு வைத்திருந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். கோபம் வருகிறது. இம்பாலில் தோற்றுத் திரும்பிய இந்திய தேசிய ராணுவ வீரர்களுக்கு பர்மாவில் காயம் கட்டியது யார்? தலைக்கு மேலே விமானம் குண்டு போடும்போது நோயாளியின் பக்கத்திலேயே இருப்பதும் போர்தான். லட்சுமி அங்கே அதிகாரியாகவும் இருந்தார், டாக்டராகவும் இருந்தார். 1945-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1946 மார்ச்சில்தான் இந்தியா அனுப்பினார்கள்.

ஜூலை 23

2012-ல் இன்றுதான் கான்பூரில் இறந்தார். 97 வயது. போர் முடிந்த பிறகு அந்த ஊரில்தான் வாழ்க்கை, 90 தாண்டியும் நோயாளிகளைப் பார்த்தார். உடலையும் மருத்துவக் கல்லூரிக்கே எழுதி வைத்திருந்தார்.

சாயங்காலம் கோஷா பக்கம் போனேன். பிரசவத்துக்கு வந்தவர்களின் சொந்தக்காரர்கள் கையில் தூக்குவாளியோடு வெளியே காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் நானும் அவர்களோடு நின்றுவிட்டு வந்தேன்.