பேட்டா பாக்கி

2014 மே மாதம், அக்னி நட்சத்திரம். அசிஸ்டெண்ட் டைரக்டராக நான் சேர்ந்த முதல் படம் ஒரு கிரைம் திரில்லர், மொத்த பட்ஜெட்டே 9 லட்சம்தான். பேருக்குத்தான் அசிஸ்டெண்ட் டைரக்டர். கிளாப் அடிப்பது, கன்டினியூட்டி, அதாவது ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டில் மாறிவிடாமல் இருக்கக் குறிப்பு எழுதுவது, டீ கேனைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, செலவுக் கணக்கு என எல்லாம் என் தலையில்தான். ஒரே ஒரு லாங் சைஸ் நோட்டு வைத்திருந்தேன். முன்பக்கத்திலிருந்து கன்டினியூட்டி, பின்பக்கத்திலிருந்து கணக்கு.

கதை முழுக்க ஒரு வீட்டுக்குள்ளேயே நடக்கும். அதுதான் கதையின் பலம் என்று டைரக்டர் எல்லோரிடமும் சொல்வார். விஷயம் வேறு, கொளத்தூரில் அவருடைய சித்தி வீடு வாடகை இல்லாமல் கிடைத்தது, அதனால் கொலையையும் அங்கேயே வைத்துக்கொண்டோம்.

ரத்தத்துக்குச் சீனிப்பாகு, சிவப்பு ஃபுட் கலர், நிறம் கொஞ்சம் இருண்டு வர கோகோ பவுடர். கேமராவில் பார்த்தால் அசல் ரத்தம்தான். பிணமாக நடித்தவர் ஐடி கம்பெனி நண்பர், லீவு போட்டு வந்திருந்தார். அவரைத் தரையில் படுக்க வைத்து, ரத்தத்தை ஊற்றி, லைட் சரிபார்த்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. பாகு சும்மா இருக்குமா? சுவரோரமாக எறும்பு வரிசை கிளம்பிவிட்டது. லைவ் சவுண்ட், ஷூட்டிங்கிலேயே சத்தத்தையும் பதிவு செய்வதால் ஃபேனும் கிடையாது. டேக் போகும்போது ஒரு எறும்பு அவர் காதுக்குப் பின்னாலிருந்து ஏறி, கன்னத்தைக் கடந்து, மூடிய இமை மேல் போய் நின்றது. மனுஷன் அசையவில்லை. கட் சொன்னதும் ஒரே பாய்ச்சலாகப் பாத்ரூமுக்கு ஓடினார். படத்தில் அந்த எறும்பு இன்னும் இருக்கிறது. மறுநாள் அவர் கழுத்து வீங்கியிருந்ததை நோட்டின் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

சித்தி வீட்டு ஃபிரிட்ஜின் உறுமல் மைக்கில் விழுகிறது என்று ராத்திரி பத்து மணிக்கு அணைத்தோம். திரும்பப் போட மறந்துவிட்டோம். காலையில் இட்லி மாவு பொங்கி வழிந்து கீழ்த்தட்டு வரை இறங்கியிருந்தது, மீன் வேறு நாறிவிட்டது. "ஏம்ப்பா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே பார்த்துப் போட்டிருப்பேனே" என்றார் சித்தி, அவ்வளவுதான். அதற்கப்புறம் ஃபிரிட்ஜை அணைக்கும்போதெல்லாம் என் பைக் சாவியை அதற்குள் வைத்துவிடுவேன். சாவியைத் தேடினால் ஃபிரிட்ஜ் ஞாபகம் வந்துதானே ஆகவேண்டும். இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் லைட்மேன் அண்ணன்.

அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். பெரிய படங்களில் வேலை பார்த்தவர், எங்களிடம் வந்து ஒரு தெர்மாகோல், சமையல் ஃபாயில் பேப்பர், இரண்டே லைட் என்று ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். கொலைக் காட்சியில் முதலில் சண்டை எழுதியிருந்தது. ஸ்டண்ட் மாஸ்டருக்குப் பணம் இல்லை, இரண்டு லைட்டில் ஒன்று புகைந்துவிட்டது, மணி மூன்று. எல்லோரும் டைரக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணன்தான் சொன்னார்: "பாத்ரூம் கதவைச் சாத்திருங்க தம்பி. கதவுக்கு அடியில வெளிச்சம் மட்டும் வரட்டும். உள்ள வாளி நிறையுற சத்தம் கேட்டா போதாதா?"

போதும். தண்ணீர் நிறையும், வழியும், கதவுக்கடியில் வெளியே வரும், அந்த வெளிச்சத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவக்கும். படம் பார்த்தவர்கள் எல்லோரும் டைரக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு பேசியது இந்தக் காட்சியைத்தான். நானும் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

டைரக்டர் அடிக்கடி ஹாலிவுட் டைரக்டர் கிறிஸ்டோபர் நோலனின் முதல் படத்தைச் சொல்வார். 1998இல் வந்த 'ஃபாலோயிங்'. சுமார் 6,000 டாலரில், லண்டனில், கறுப்பு வெள்ளை 16 எம்எம் ஃபிலிமில், வாரக் கடைசிகளில் மட்டும் எடுத்து எடுத்து ஒரு வருஷத்தில் முடித்த திரில்லர். கேட்கும்போது எனக்கும் புல்லரிக்கும். அந்தப் பணம் பெரும்பாலும் ஃபிலிமுக்கே போயிற்று, அதில் நடித்தவர்களும் உடன் வேலை பார்த்தவர்களும் வார நாட்களில் வேறு வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கியவர்கள் என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. அங்கே சனிக்கிழமை ஓசி வேலை என்றாலும் திங்கட்கிழமைச் சோற்றுக்கு வழி இருந்தது. எங்கள் அண்ணனுக்குச் சனியும் நாங்கள்தான், திங்களும் நாங்கள்தான். 9 லட்சத்தில் படம் எடுத்தோம் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்த நோட்டில் எழுதாமல் விட்டதையும் சேர்த்தால் எவ்வளவு வரும்? மாவு, மீன், நண்பனின் லீவு, அண்ணனின் தூக்கம்.

பன்னிரண்டாவது நாள் அண்ணன் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. வேறு ஷூட்டிங்கில் அன்றன்றைக்கே கையில் பேட்டா, அதாவது தினப்படிக் காசு, தருகிறார்கள் என்று போய்விட்டார். யூனிட்டில் எல்லோரும் திட்டினோம், பாதியில் விட்டுட்டுப் போயிட்டாரே என்று. நோட்டைத் திறந்து பார்த்தால் அவர் பெயருக்கு நேரே நாலு நாள் பேட்டா பாக்கி, என் கையெழுத்திலேயே.

கடைசி நாள் பூசணிக்காய் உடைத்தோம். எடிட்டெல்லாம் முடிந்து சென்சாருக்குத் தயாரானபோதுதான் ஹீரோ எத்தனை சிகரெட் பிடிக்கிறார் என்று எண்ணினோம். சிகரெட் வரும் இடமெல்லாம் கீழே எச்சரிக்கை வரி ஓட வேண்டும், 2012 முதல் அதுதான் விதி. படத்தின் மிக இறுக்கமான ஷாட்டுக்குக் கீழே 'புகைபிடித்தல் உடல் நலத்திற்குக் கேடு' என்று வருவதைப் பார்த்த டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தியேட்டர் கிடைத்ததோ ஒரு வாரம்தான், அதுவும் காலைக் காட்சி.

இரண்டு வருஷம் கழித்து நான் ஒரு சீரியலில் மாதச் சம்பளத்துக்குப் போனேன். வளசரவாக்கத்தில் ஒரு ஷூட்டிங் வீட்டு வாசலில் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தார் அண்ணன். பையில் இருந்ததை எடுத்து நாலு நாள் கணக்கைச் சொல்லி நீட்டினேன். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். வாங்கினார், எச்சில் தொட்டு எண்ணினார், சட்டைப் பையில் வைத்தார்.

"சரி தம்பி, அந்தக் கதவு சீனை வெட்டாம வச்சாங்களா?"