இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

பிரெஞ்சுக் காரான சித்ரோயென் டிஎஸ்ஸில், பெடலோடு வந்த சில வகைகள் நீங்கலாக, கிளச் பெடல் கிடையாது. எஞ்சினையும் கியர்பொக்ஸையும் இணைத்தும் பிரித்தும் விடும் கிளச் இருக்கிறது, மற்ற வண்டிகளில் உள்ள அதே தட்டுக் கிளச்தான். நான்கு கியர்களும் வழக்கமானவைதான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் நிற்கும் மெல்லிய கம்பியை ஓட்டுபவர் நகர்த்தினால் போதும், மிச்சத்தை எண்ணெய் அழுத்தம் பார்த்துக்கொள்ளும். ஸ்டார்ட் செய்வதும் அதே கம்பியை இடப்பக்கம் தள்ளித்தான். 1955 ஒக்டோபரில் பாரிஸ் கார் கண்காட்சிக்கு இந்த வண்டி வந்தபோது முதல் நாளிலேயே 12,000 பேர் பதிவு செய்ததாகச் சொல்வார்கள். 1962இல் பிரெஞ்சு ஜனாதிபதி டி கோல் டயர் வெடித்த டிஎஸ்ஸில் துப்பாக்கிச் சூட்டிலிருந்து தப்பிய கதையையும் சொல்வார்கள். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் அதைச் சொல்லி முடிக்காமல் சாவியைத் தருவதில்லை.

பாரிஸ் புறநகரில் பழைய சித்ரோயென்களை மட்டும் பார்க்கும் ஒரு கராஜில் வேலை செய்கிறேன். யாழ்ப்பாணத்தில் நான் தொழில் பழகியது மொரிஸ் மைனரிலும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜிலும். அங்கே கிளச் வழுக்கினால் கிளச்சைக் கழற்றுவோம். இங்கே கிளச் வழுக்கினால் முதலில் எஞ்சினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரைப் பார்க்கவேண்டும். இதை ஏற்றுக்கொள்ள எனக்குக் கனகாலம் எடுத்தது.

காரணம் இதுதான். எஞ்சினோடு பெல்ட்டில் சுழலும் சென்ட்ரிபியூகல் ரெகுலேட்டர் என்று ஓர் உறுப்பு உண்டு. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்வரை அது கிளச் சிலிண்டருக்கு அழுத்தம் கொடுத்துக் கிளச்சை விலக்கி வைத்திருக்கும். வேகம் ஏற ஏற அழுத்தத்தைக் குறைக்கும், கிளச் மெல்லப் பிடிக்கும். ஓட்டத்தில் கியர் மாற்றும்போது, எண்ணெய் அழுத்தத்தால் கியரை நகர்த்தும் ஹைட்ரோலிக் பிளொக் முதலில் கிளச்சை விலக்கும். கியர் முழுதாக விழுந்த பிறகே திரும்ப விடும். எவ்வளவு விரைவாக விடுவது என்பதைக் கார்புரேட்டரோடு இணைந்த இன்னோர் உறுப்பு தீர்மானிக்கிறது. நீங்கள் அக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியும். போதாததற்குப் பிரேக்கும் இதில் தலையிடும். பிரேக்கை விட்டால் ஐட்லிங், அதாவது அக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம், சற்று உயர்ந்து வண்டி மெல்ல நகரும், மிதித்தால் ஐட்லிங் இறங்கிக் கிளச் விலகும். ஆக, ஐட்லிங்கும் இந்த வண்டியில் கிளச்சின் ஒரு பாகம்.

போன வருடம் 1968ஆம் ஆண்டு டிஎஸ் 21 ஒன்று வந்தது. சிக்னலில் நின்று முதல் கியர் போட்டால் பல் உரசும் சத்தம். புறப்படும்போது ஒரு குதி. ஏற்றத்தில் கிளச் கருகும் மணம். உரிமையாளர் கியர்பொக்ஸ் முடிந்துவிட்டது என்று முடிவுகட்டியே வந்திருந்தார். என்னோடு வேலை பழகும் வவுனியாப் பொடியனும் அதே நினைப்பில்தான் இருந்தான்.

“அண்ணை, கியர்பொக்ஸை இறக்குவமோ?”

“பொறு தம்பி. முதல்ல மணிக்கூட்டைப் பார்.”

இந்த வண்டியில் கியர்பொக்ஸ் எஞ்சினுக்கு முன்னால் இருக்கிறது. முன் பிரேக் டிஸ்க்குகளும் அதன் இரு பக்கத்திலும் ஒட்டியே நிற்கின்றன. இறக்குவதென்றால் வண்டியின் முகத்தையே பிரிக்கவேண்டும். அதற்குமுன் காது கொடுத்துக் கேட்க ஒன்று உண்டு. பம்ப் எண்ணெயை சுமார் 170 பார் அழுத்தத்துக்கு ஏற்றியதும் பிரஷர் ரெகுலேட்டர் ‘டிக்’ என்று ஒலித்து விட்டுவிடும், அழுத்தம் இறங்கினால் மறுபடி ஏற்றும். இந்த ‘டிக்’ ஒலிகளுக்கிடையே நல்ல இடைவெளி இருந்தால் சரி. இரண்டு மூன்று நொடிக்கு ஒன்று கேட்டால் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்யூமுலேட்டர் உருண்டையில் நைதரசன் போய்விட்டது, அல்லது எங்கோ உள்ளுக்குள் கசிகிறது என்று பொருள். இந்த வண்டியில் இடைவெளி திருப்தியாக இருந்தது. எண்ணெய் சுத்தமான பச்சை. பெல்ட்டும் இறுக்கம்.

கார்புரேட்டரில் காற்று வழியைத் திறந்து மூடும் த்ரொட்டில் தண்டின் ஓரத்தில் கொஞ்சம் ஸ்ப்ரே அடித்தபோது எஞ்சின் சத்தம் மாறியது. தண்டு தேய்ந்து, அந்த வழியாகக் காற்று போகிறது. பிறகு முழுக்கதையும் தானாக அவிழ்ந்தது. காற்றால் எஞ்சின் நின்று நின்று போக, யாரோ ஒருவர் ஐட்லிங்கை உயர்த்தியிருக்கிறார். அதனால் வண்டி நிற்கும்போதும் கிளச் பாதி பிடித்தபடி இருந்தது, முதல் கியர் உரசியது. உரசலைப் போக்க இன்னொருவர் கிளச் விலகத் தொடங்குமுன் இருக்கவேண்டிய சிறு இடைவெளியைக் குறைத்திருக்கிறார். இப்போது கிளச் சற்றுக் கூடுதலாக விலகி உரசல் குறைந்தது, ஆனால் முழுதாகப் பிடிக்கவில்லை, ஏற்றத்தில் கருகியது. வழுக்கலை மறைக்க மூன்றாமவர் கிளச்சைத் திரும்ப விடும் ஸ்குரூவைத் திருகி வேகப்படுத்தியிருக்கிறார். வந்தது அந்தக் குதி. ஒருவர்கூடக் கியர்பொக்ஸைத் தொடவில்லை, ஆனால் எல்லோரும் அதைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்: முன்னால் திருகியவர்கள் என்ன நினைத்தார்கள் என்று ஸ்குரூவின் நிலையிலிருந்து வாசிப்பது. அவர்கள் மடையர்கள் அல்ல. தங்கள் முன்னால் தெரிந்த குறையை ஒவ்வொருவரும் சரியாகவே தீர்த்திருக்கிறார்கள்.

திருத்திய ஒழுங்கு வருமாறு: தண்டுக்குப் புது புஷ், இக்னிஷன் டைமிங், பிறகு ஐட்லிங். அதன்பின் கிளச் இடைவெளி, கிளச்சின் எண்ணெயிலிருந்து காற்று வெளியேற்றல், சென்ட்ரிபியூகல் ரெகுலேட்டர். திரும்ப விடும் ஸ்குரூ கடைசி. இந்த ஒழுங்கை மாற்றினால் முதலிலிருந்து செய்யவேண்டியதுதான்.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. 1966 இலையுதிர் காலத்துக்குப் பிந்திய வண்டிகளில், அமெரிக்காவுக்குப் போனவை நீங்கலாக, பச்சை மினரல் எண்ணெய். பழையவற்றில் சிவப்பு. ஒன்றுக்கு மற்றதை ஊற்றினால் ரப்பர் சீல்கள் கெட்டு, பிரேக், சஸ்பென்ஷன், கியர் எல்லாம் ஒன்றாகப் போய்விடும். உறுப்புகளின் பெயின்ற் நிறத்தைப் பார்த்தாலே தெரியும், ஆனால் அரைநூற்றாண்டில் யார் எதை மாற்றினார்கள் என்பதற்கு நிறம் சாட்சியல்ல. ஆகவே நான் எப்போதும் எண்ணெய்த் தாங்கியைத் திறந்தே பார்ப்பேன்.

இதையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டுக் கிளச் பெடல் போட்டுவிடலாம் என்பவர்கள் உண்டு. பாகங்களும் கிடைக்கும், செலவும் ஒருமுறைதான். எனக்கு உடன்பாடில்லை. நன்றாக ஒழுங்குபடுத்திய டிஎஸ் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது பக்கத்தில் இருப்பவருக்குக் கியர் மாறியதே தெரியாது. என் இடது காலால் அப்படிச் செய்ய முடியாது. கழற்றச் சொல்லி வருபவர்களிடம் முதலில் ஒழுங்கான வண்டி ஒன்றை ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். சிலர் மனம் மாறுவார்கள், சிலர் வேறு கராஜுக்குப் போவார்கள்.

அந்த டிஎஸ் 21ஐ ஒப்படைக்கும்போது பொடியன் ஐட்லிங் ஸ்குரூவிலும் திரும்ப விடும் ஸ்குரூவிலும் ஒரு சொட்டு மஞ்சள் பெயின்ற் வைத்தான். உரிமையாளர் ஏன் என்று கேட்டார். அடுத்த முறை வரும்போது அந்தப் பெயின்ற் உடைந்திருந்தால், யாரோ திருகியிருக்கிறார்கள், எங்கிருந்து தொடங்கவேண்டும் என்று எங்களுக்குத் தெரியும் என்றேன்.