பின் என்ஜினில் அசையாத முள்

2008-இல் நான் உதவி லோகோ பைலட். வடசென்னையில் ஒரு சரக்கு யார்டு, ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்த விடியற்காலை. முன்னால் டபிள்யூடிஎம்-3ஏ, பின்னால் டபிள்யூடிஜி-3ஏ என இரண்டு வகை என்ஜின்கள். இரண்டையும் எம்.யூ. போட வேண்டும். அதாவது முன் கேபினில் ஒருவர் கைப்பிடியைத் திருப்பினால் இரண்டு டீசல் என்ஜின்களும் சேர்ந்து இழுக்க வேண்டும். அதுவரை ஒரே வகை ஜோடியைத்தான் இணைத்திருந்தேன்.

“வேறு வேறு வகையாயிற்றே, ஒத்துப்போகுமா அண்ணே?” என்று மூத்த லோகோ பைலட்டிடம் கேட்டேன்.

“இரண்டும் ஆல்கோ வம்சம்தான் தம்பி. அதே எட்டு நாட்ச், அதே 27 முனை ஜம்பர். பல்சக்கரம்தான் வேறு.”

ஆல்கோ என்பது இரண்டின் மூல வடிவமைப்பையும் தந்த அமெரிக்க நிறுவனம். நாட்ச் என்பது வேகக் கைப்பிடியின் படி, ஜம்பர் என்பது இரண்டு என்ஜின்களையும் இணைக்கும் மின்கேபிள். இரண்டு என்ஜின்களும் 3,100 குதிரைத்திறன் கொண்டவை. ஆனால் முன்னதில் பல்சக்கர விகிதம் 65:18, சரக்கு இழுக்கவென்றே வந்த பின்னதில் 74:18. ஒரே வேகத்தில் ஓடும்போது பின்னதன் மோட்டார்கள் அதிகம் சுழல வேண்டியிருக்கும். முன் என்ஜின் 120 கிலோமீட்டர் வேகத்துக்கு உரியதென்றாலும், ஜோடி சேர்ந்துவிட்டால் பின்னதன் 100தான் வரம்பு. சரக்கு வண்டிக்கு அது ஒரு குறையே இல்லை.

கப்ளர் பூட்டியதும் காற்றுக் குழாய்களை இணைத்தேன். பிறகு பின் கேபினில் ஏறி, ஏ-9, எஸ்ஏ-9 என்ற இரண்டு பிரேக் கைப்பிடிகளையும் ரிலீஸில் வைத்து அவற்றின் காக்குகளை, அதாவது காற்றுக் குழாயின் அடைப்புகளை, மூடினேன். எம்யூ-2பி வால்வை, முன் என்ஜினின் பிரேக்குக்குக் கட்டுப்படும் டிரெய்ல் நிலைக்குத் திருப்பி, திசை மாற்றும் ரிவர்சர் கைப்பிடியைக் கழற்றினேன். இவற்றில் ஒன்றை மறந்தாலும் ஒரு வண்டியின் பிரேக்குக்கு இரண்டு எஜமானர்கள் ஆகிவிடுவார்கள். முன்னிருந்து அண்ணன் பிரேக் போட, பின் என்ஜினின் கட்டைகள் சக்கரத்தைக் கவ்வுவதையும், விட்டதும் விலகுவதையும் குனிந்து பார்த்தேன்.

அடுத்தது இழுவைச் சோதனை. பிரேக்கைப் பிடித்தபடியே அவர் ஒரு நாட்ச் எடுத்தார். பின் கேபினில் என் காலடித் தகரம் அதிர்ந்தது. என்ஜின் ஓசை உயர்ந்தது. எல்லாம் சரி என்று இறங்கப்போனவன், மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்ப்மீட்டரைப் பார்த்து நின்றுவிட்டேன். முள் பூஜ்யத்திலேயே கிடந்தது.

என்ஜின் உறுமுகிறது, மோட்டாருக்கு மின்னோட்டம் போகவில்லை. ஜம்பர் கேபிள் வழியாகப் போவது கட்டளைதான், சக்தி அல்ல. ஒவ்வொரு என்ஜினும் தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கித் தன் மோட்டார்களுக்குத் தர வேண்டும். வேகத்தைக் கூட்டச் சொல்லும் கம்பிகள் வேறு, ஜெனரேட்டரை உயிர்ப்பிக்கும் கம்பி வேறு. வேகக் கம்பிகள் தொட்டிருந்தன, ஜெனரேட்டர் கம்பி தொடவில்லை. நான் ஓசையை நம்பி இறங்கியிருந்தால், முழு பாரத்தையும் முன் என்ஜின் ஒன்றே சுமந்திருக்கும். இன்னொன்று உறுமிக்கொண்டே சும்மா உருண்டு வந்திருக்கும்.

என்ஜினை நிறுத்தி, ஜம்பரைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தோம். ஒரு முனை பச்சை பூத்து உள்ளே அமுங்கியிருந்தது. துடைத்துப் பார்க்கலாமா என்றேன். “பாதி வழியில் மறுபடி விட்டுப்போனால் என்ன செய்வாய்?” என்றார். வேறு கேபிள் வாங்கி வந்து, இரு முனைகளிலும் மூடி நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்து மாட்டினேன். அரை மணி நேரம் போனது. அவர் ஒரு முறைகூட என்னை அவசரப்படுத்தவில்லை. அந்தப் பொறுமைக்கு இன்றும் அவரிடம் நன்றி இருக்கிறது.

மறுபடி பின் கேபினில் ஏறினேன். ஒரு நாட்ச். முள் மெல்ல எழுந்தது.

அதை வாக்கி-டாக்கியில் சொல்ல வாயெடுத்தபோது, என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.