சித்திரை முதல் நாள் சமையல்: மாங்காய், வேப்பம்பூ, வெல்லம்

தமிழ் வருடப் பிறப்பு பெரும்பாலும் ஏப்ரல் 14 அன்று வரும். சூரியன் மேஷத்துக்குள் நுழையும் நேரத்தைப் பொறுத்துச் சில வருடம் ஒரு நாள் முன்பின்னாகும். இளவேனில் தொடங்கும் அன்றைக்கு மதியம் இலையில் விழும் பண்டங்கள் எல்லாம் அந்தப் பருவத்து விளைச்சலைச் சுற்றியே அமைந்திருக்கும். கிளிமூக்கு மாங்காய் சந்தையில் குவியும், வேப்ப மரத்தடி வெள்ளையாகக் கிடக்கும். சாம்பார், பொரியல், கூட்டு எல்லாம் எந்த விருந்திலும் உண்டு. இந்த நாளுக்கே உரியவை மாங்காய்ப் பச்சடியும் வேப்பம்பூ ரசமும்தான். இந்த இரண்டும் கெட்டுப்போவது அளவால் அல்ல, எதை எப்போது போடுகிறோம் என்பதால்தான்.

பச்சடியை முதலில் எடுத்துக்கொள்வோம். நான்கு பேருக்கு 300 கிராம் எடையுள்ள கிளிமூக்கு மாங்காய் ஒன்று போதும். நல்ல புளிப்புள்ள நாட்டு மாங்காய் என்றால் 200 கிராம். தோல் இளசாக இருந்தால் சீவ வேண்டாம், பச்சடிக்கு வேண்டிய துவர்ப்பு அதில்தான் இருக்கிறது. விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி, ஒரு டம்ளர் தண்ணீர், கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், கால் டீஸ்பூன் உப்பு, கீறிய பச்சை மிளகாய் ஒன்று சேர்த்து மூடிபோட்டு வேக வையுங்கள். கொட்டையைச் சுற்றிச் சதை ஒட்டியிருந்தால் அதையும் போடலாம், சப்பிச் சாப்பிட என்றே கேட்டு வாங்குபவர்கள் உண்டு. எட்டிலிருந்து பத்து நிமிடத்தில் துண்டு கரண்டியால் அழுத்தினால் நசுங்க வேண்டும். குக்கரில் வைத்தால் ஒரே கூழாகிவிடும். பாதித் துண்டு முழுசாகவும் பாதி மசிந்தும் இருப்பதுதான் பதம்.

நன்றாக வெந்த பிறகுதான் வெல்லம். அவசரத்தில் அரைவேக்காட்டில் வெல்லத்தைப் போட்டுவிட்டால் அதற்கு மேல் மாங்காய் வேகாது. பாகில் கிடந்து நறுக்கு நறுக்கென்று விறைத்துக்கொள்ளும், அரை மணி நேரம் கொதிக்க விட்டாலும் மாறாது. கிளிமூக்குக்கு 150 கிராம், கடும் புளிப்பு மாங்காய்க்கு 200 கிராம் வரை வெல்லம் பிடிக்கும். வெல்லத்தில் மண் இல்லாமல் இருக்காது. கால் டம்ளர் தண்ணீரில் கரைத்துச் சூடாக்கி வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். ஊற்றிய பிறகு ஐந்தாறு நிமிடம் கொதித்தால் போதும். ஆறினால் இன்னும் இறுகும் என்பதால் சற்று நெகிழ்வாக இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். கெட்டியாக வேண்டும் என்று அரிசி மாவு கரைத்து ஊற்றும் பழக்கம் பரவலாக இருக்கிறது. மாங்காய் ஒழுங்காக மசிந்திருந்தால் அது தேவையே இல்லை, மாவு சேர்த்தால் பளபளப்பு போய்விடும். கடுகும் ஒரு காய்ந்த மிளகாயும் தாளித்துக் கொட்டினால் பச்சடி தயார். வேப்பம்பூ மட்டும் பாக்கி.

அந்தப் பூவைப் பரிமாறும் நேரத்தில்தான் மேலே தூவ வேண்டும். ஒரு டீஸ்பூன் நெய்யில் ஒரு டேபிள்ஸ்பூன் காய்ந்த பூவைச் சிறு தீயில் வறுத்துத் தனியாக வைத்திருங்கள். முன்கூட்டியே கலந்துவிட்டால் கசப்பு பாகு முழுக்க இறங்கி இனிப்பையும் புளிப்பையும் அமுக்கிவிடும், மொறுமொறுப்பும் போய்விடும். கடைசியில் தூவினால் இனிப்பு, புளிப்பு, உப்பு, உறைப்பு, துவர்ப்பு எல்லாம் தனித்தனியாகத் தெரிந்து, நடுநடுவே கசப்பு வந்து போகும். அறுசுவையும் ஒரே பண்டத்தில் என்று இந்தப் பச்சடியைச் சொல்வது அப்போதுதான் பொருந்தும். தெலுங்கு, கன்னட வீடுகளில் உகாதிக்குச் செய்யும் பச்சடி வேறு மாதிரி. புதுப்புளி, வெல்லம், நறுக்கிய மாங்காய், பச்சை வேப்பம்பூ எல்லாவற்றையும் அடுப்பேற்றாமல் அப்படியே கரைப்பார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு நம் பச்சடியில் பச்சைப் பூவைப் போடாதீர்கள்.

வறுப்பதில் கவனம் வேண்டும். பூ இளம்பழுப்பைத் தாண்டி, காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். அதற்கு முன் எடுத்தால் பச்சைக் கசப்பு இருக்கும். கருத்துவிட்டால் அது தீய்ந்த கசப்பு, எதைச் சேர்த்தும் சரிசெய்ய முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் சில நொடிகள்தான் இருக்கும். அடுப்பை அணைத்த பிறகும் வாணலிச் சூட்டில் பூ கருக்கும் என்பதால் உடனே தட்டில் கொட்டுங்கள். அன்று பறித்த பூவாக இருந்தால் ஈரம் வற்றும் வரை கூடுதல் நேரம் ஆகும், காம்பை ஆய்ந்துவிட்டுப் போடுங்கள். காய்ந்த பூவைக் கழுவக் கூடாது. சல்லடையில் சலித்து முறத்தில் புடைத்தாலே தூசியும் குச்சியும் போய்விடும். மோரும் உப்பும் சேர்த்துக் காயவைத்த பூ என்றால் பண்டத்தில் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ரசத்துக்கும் இதே விதிதான். சிறிய எலுமிச்சை அளவு புளியை இரண்டரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, ஒரு டீஸ்பூன் உப்பு, பெருங்காயம், சுண்டைக்காய் அளவு வெல்லம் போட்டுப் பச்சை வாசனை போகும் வரை கொதிக்க விடுங்கள், பத்து நிமிடம் ஆகும். இதில் பருப்புத் தண்ணீரும் வேண்டாம், ரசப்பொடியும் வேண்டாம். இரண்டு டீஸ்பூன் நெய்யில் கடுகு, மூன்று காய்ந்த மிளகாய், ஒரு டீஸ்பூன் துவரம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து எடுத்துவிட்டு, மீந்த நெய்யில் ஒன்றரை டேபிள்ஸ்பூன் பூவை வறுங்கள். ரசத்தை இறக்கி வைத்த பிறகு எல்லாவற்றையும் கொட்டிப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். பூ போட்ட ரசத்தை மறுபடி கொதிக்க வைத்தால் கஷாயம்தான். ஆறிவிட்டது என்றால் அப்படியே பரிமாறலாம், சித்திரை வெயிலுக்கு அதுவும் நன்றாகத்தான் இருக்கும். கலக்காமல் மேலாகத் தெளிவை எடுத்து ஊற்றுங்கள்.

பாயசம் பாசிப்பருப்பில். அரை டம்ளர் பருப்பை வாசனை வரும் வரை வெறும் வாணலியில் வறுத்து, ஒன்றரை டம்ளர் தண்ணீரில் குழைய வேக வையுங்கள். இங்கும் பருப்பு குழைந்த பிறகுதான் வெல்லம், 150 கிராம். ஒரு மூடித் தேங்காயைத் துருவி முதல் பால் அரை டம்ளர், இரண்டாம் பால் ஒரு டம்ளர் எடுத்து வைத்திருங்கள். இரண்டாம் பாலைச் சேர்த்துக் கொதிக்க விடலாம். முதல் பாலை அடுப்பை அணைத்த பிறகு ஊற்ற வேண்டும், கொதித்தால் எண்ணெய் பிரிந்து திரியும். மாட்டுப் பால் ஊற்றுவதாக இருந்தால் வெல்லக் கலவையும் காய்ச்சிய பாலும் இரண்டுமே ஆறியிருக்க வேண்டும். சூட்டில் கலந்தால் பால் முறிந்துவிடும். ஏலக்காயோடு சிட்டிகை சுக்குப்பொடியும் சேர்த்தால் பருப்பின் கனம் தெரியாது.

வடை ஆமவடை. கடலைப்பருப்பு ஒரு டம்ளரை இரண்டு மணி நேரம் மட்டும் ஊறவைத்து, தண்ணீரை முழுக்க வடித்து, மூன்று காய்ந்த மிளகாய், பெருங்காயத்துடன் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரையுங்கள். ஒரு பிடி பருப்பை முழுசாக எடுத்து வைத்து அப்புறம் கலந்தால் மொறுமொறுப்பு கூடும். உப்பைத் தட்டிப் போடும் நேரத்தில் சேருங்கள், முன்பே போட்டால் மாவு நீர்த்துவிடும். எண்ணெயில் வடை உதிர்ந்தால் மாவில் ஈரம் அதிகம் என்று பொருள், ஒரு டேபிள்ஸ்பூன் அரிசி மாவு போதும். காயாத எண்ணெயில் போட்டால் எண்ணெய் குடிக்கும். அதிகம் காய்ந்த எண்ணெயில் மேலே சிவந்து உள்ளே மாவாக இருக்கும். போட்டதும் குமிழி நிதானமாக எழும்பும் மிதமான சூடுதான் சரி.

காலையில் முதல் வேலை பச்சடி. இரண்டு மூன்று மணி நேரம் ஆறினால்தான் மாங்காய்க்குள் வெல்லம் ஏறும். அடுத்து பாயசம், குழம்பு, காய்கள், ரசம். வடையைச் சாமி கும்பிட்டு இலை போடும்போது போடுங்கள். இலையின் நுனி சாப்பிடுபவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும். பச்சடி மேல் வரிசையில் முதலில் விழும், வலக்கீழ் மூலையில் ஒரு கரண்டி பாயசம். யாழ்ப்பாணத்தில் மருத்துநீர் என்னும் மூலிகை நீரைத் தலையில் வைத்துக் குளித்துவிட்டுக் காலையிலேயே சர்க்கரைப் பொங்கல் பொங்குவார்கள்.

மீந்த பச்சடி கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் இருக்கும், தோசைக்கும் தயிர்சாதத்துக்கும் தொட்டுக்கொள்ளலாம். பூ தூவாத பச்சடியை மட்டும் எடுத்து வையுங்கள். அடுத்த வருடத்துக்கும் இப்போதே பூ சேர்க்க வேண்டும். இரவு மரத்தடியில் வேட்டியை விரித்துவிட்டு விடிந்ததும் அள்ளினால் மண் கலக்காது. இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காய்ந்து, கையில் நொறுக்கினால் பொடியும் பதம் வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் அடையுங்கள். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பூஞ்சணம் பிடிக்கும், ஆடி மாதம் ஒருமுறை வெயிலில் காட்டி எடுங்கள்.